கேட்டால் சொல்வோம்

மாவு பொங்கி வழிந்ததற்கு யார் பொறுப்பு என்று நாற்பது நிமிடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பதினாலு பேர், பாய் மேல் வட்டமாக, வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டம். நேற்று சாயங்காலம் இட்லி மாவை யாரோ ஃபிரிட்ஜில் வைக்காமல் போய்விட்டார்கள், காலையில் வந்து பார்த்தால் மேடை முழுக்க வழிந்து அடுப்புக்குள் இறங்கியிருந்தது. துடைத்தால் பத்து நிமிட வேலை. ஆனால் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகளுக்கான எங்கள் 'திறவு' மையத்தில் எதையும் துடைத்துவிட்டுப் போய்விட முடியாது, பேசியாக வேண்டும். பேசுகிறவர் கையில் அந்தக் கொட்டாங்குச்சி அகப்பை இருக்க வேண்டும், அகப்பை இல்லாதவர் வாய் திறக்கக் கூடாது, யாராவது நம்மைக் கேள்வி கேட்டால்கூட அகப்பை சுற்றி நம்மிடம் வந்த பிறகுதான் பதில். இந்த விதியைப் பிள்ளைகளே உண்டாக்கினார்கள் என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், மையத்தைத் தொடங்கிய சீலன் அண்ணா சொல்வார். இன்றைக்குக் கூட்டத் தலைவன் இர்ஃபான், பதின்மூன்று வயது, மடியில் நோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, தாலுகா ஆபீஸ் ஹெட்கிளார்க் தோற்றுவிடுவார். மாவுப் பாத்திரத்தின் உணர்வு என்ன என்று மட்டும்தான் இன்னும் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் இடது பக்கம் பிரகல்யா உட்கார்ந்திருக்கிறாள், நகக்கண்ணில் சைக்கிள் செயின் கிரீஸ், முழங்காலைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி. அவளுக்குப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நேற்று. நேற்று மாலை ஐந்து மணியோடு முடிந்தது, கூடுதல் கட்டணம் கட்டிப் போடுகிற தட்கலும் அதோடு சரி. எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நாங்கள் மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். பிரகல்யா, வியாழக்கிழமைக்குள் அப்ளிகேஷன் போடணும். எத்தனை வார்த்தை, நாலு. நாலு வார்த்தைக்கு எனக்கு நாற்பது நாள் இருந்தது. பலகையில் அந்தச் சனியன் பிடித்த வாசகம், சீலன் அண்ணா கையெழுத்தில், நீல மார்க்கரில்: கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் காத்திருப்போம். இரண்டு வருஷத்துக்கு முன்பு முதல் நாள் அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அதற்கு முன்னால் பதினாலு வருஷம் மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர், ஞாபகப்படுத்துவதுதான் என் பிழைப்பே. ரெக்கார்டு நோட் எங்கே, டெஸ்ட் பேப்பரில் அப்பா கையெழுத்து எங்கே, நாளைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் வந்தால் வெளியே. ஒருத்தியை 'இனி மறக்க மாட்டேன்' என்று ஐந்நூறு தடவை எழுத வைத்தேன். பத்து வருஷம் கழித்து ஒப்பணக்கார வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் என்னைக் கண்டதும் அவள் நைட்டி தொங்கும் வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இடுப்பில் குழந்தை. இருபத்தாறு வயதுப் பெண், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, கணக்கு டீச்சரைக் கண்டு ஒளிகிறாள். குழந்தை நைட்டிகளுக்கு நடுவிலிருந்து என்னை எட்டிப் பார்த்தது. நான் எதுவும் வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன், அந்த மாசக் கடைசியில் வேலையையும் விட்டேன். ஒரு பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் இன்னொன்றைச் செய்து வைத்திருக்கிறேன், அதுவும் வாயைத் திறக்காமலேயே.

இர்ஃபான் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டலாமா என்று கேட்கிறான். பட்டியல் என்றதும் மூன்று பேர் முகம் சுளிக்கிறார்கள், பட்டியல் பள்ளிக்கூடத்துச் சமாச்சாரம். இந்தக் கூரையே ஒரு காலத்தில் கோழிப்பண்ணை, பேரூர் தாண்டி மேற்கே போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர், மேலே கம்பி வலை. மழை பெய்தால் இன்னமும் பழைய கோழி வாசம் எழும்பும். கூண்டு இருந்த இடத்தில் விடுதலை என்று சீலன் அண்ணா ஒரு பத்திரிகைக்காரரிடம் சொன்னார், அதை அவர்கள் தலைப்பாகவே போட்டார்கள். நல்ல மனிதர்தான். அதுதான் ஆத்திரம். கெட்ட மனிதராக இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுப் போய்விடலாம். சர்டிபிகேட்டு வெறும் காகிதம் என்பார், அவரிடம் இரண்டு பட்டம் இருக்கிறது, ஒன்றைக் கிழித்துப் போட்டாலும் ஒன்று மிச்சம். பிரகல்யாவின் அப்பா நாச்சிமுத்துவிடம் ஒன்றுகூட இல்லை. கணபதி ஏரியாவில் சின்ன லேத் பட்டறை, பத்தாவது ஃபெயில், அதனாலேயே எந்தக் கம்பெனியிலும் சூப்பர்வைசர் நாற்காலி கிடைக்காமல் போனதை என்னிடம் மட்டும் ஏழு தடவை சொல்லியிருப்பார். போன ஜூனில் இதே பாயில், வெறும் காலோடு, விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "டீச்சருங்க, இங்க எப்படி வேணா படிக்கட்டுங்க, நாந் தலையிட மாட்டேன். சைக்கிளு ரிப்பேர் பண்ணட்டும், சோறாக்கட்டும். மார்ச்சுல பத்தாவது மட்டும் எழுதோணும். எழுதுலீன்னா ஜூன்ல மறுபடி அந்த ஹாஸ்டலுக்குத்தானுங்க, எனக்கு வேற வழி தெரியலீங்க." நான் என்ன சொன்னேன்? நான் சொன்னேன், "கவலைப்படாதீங்க, நாங்க பாத்துக்கிறோம்." பாத்துக்கிறோம். பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம், ஐந்து மணி ஆகும்வரை.

அந்த ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அவளுக்குப் புருவம் இல்லை. நாமக்கல் பக்கம் ஏதோ ஒரு பள்ளி, காலை நாலரைக்கு மணி, ராத்திரி வரை படிப்பு, ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிப் பிடுங்கி இரண்டு புருவத்தையும் காலி பண்ணியிருந்தாள். எட்டு மாசம் யாரிடமும் பேசவில்லை. சமையல் மேடைக்கு அடியில் உட்கார்ந்து வெங்காயம் மட்டும் உரிப்பாள். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வா என்று கூப்பிடவில்லை, காத்திருந்தோம். ஒன்பதாவது மாசம் ஒருநாள் உரித்த வெங்காயத்தை என் முன்னால் வைத்துவிட்டு, "அக்கா, இந்தக் கத்தி மொண்ணை" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். காத்திருந்ததால்தான் வந்தாள், அதை நான் மறுக்க மாட்டேன், மறுக்கவும் முடியாது. அதுதான் எங்களைக் கெடுத்தது. ஒரு தரம் பலித்த மருந்தைக் காய்ச்சலுக்கும் கொடுத்தோம், கால் முறிந்ததற்கும் கொடுத்தோம். மனசு திறக்கக் காத்திருக்கலாம், அரசாங்கத்துத் தேதி காத்திருக்குமா? அது நம் கொள்கையைப் படித்துவிட்டா வருகிறது? இப்போது அவளுக்குப் புருவம் அடர்த்தியாக வளர்ந்திருக்கிறது, சைக்கிள் பெடலை மிதித்தால் ஓடுகிற கிரைண்டர் ஒன்றை நாலு மாசமாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள், பாதி மாவு அரைபடுகிறது, மீதி சட்டையில் தெறிக்கிறது. ஜூன் மாசம் அவளே தன் நோட்டில் எழுதினாள், இந்த வருஷம் நான் செய்யப்போவது: ஒன்று கிரைண்டர், இரண்டு மார்ச்சில் பத்தாவது. எழுதிவிட்டாள், இனி அவளே பார்த்துக்கொள்வாள் என்று நாங்கள் எல்லோரும் அந்த நோட்டை மூடி வைத்தோம். பதினாறு வயதில் நோட்டில் எழுதினால் ஆயிற்றா? எனக்கு நாற்பத்து மூன்று வயது, எல்.ஐ.சி. தேதியை மைத்துனர்தான் ஞாபகப்படுத்துகிறார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. டிசம்பரில் அறிவிப்பு வந்த அன்றே பார்த்தேன், ஆபீஸ் அறைக் காலண்டரில் கடைசித் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். அப்புறம் சீலன் அண்ணாவிடம் போனேன். அண்ணா, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடலாமா? கம்போஸ்ட் குழியைக் கிளறிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார். "பூங்கொடி, உங்க பயத்தை அவ தலைல ஏத்தாதீங்க. அவளுக்கு வேணும்னா கேப்பா. நம்பணும்." நம்பணும். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாந்தி வரும் பாருங்கள், திருநீறு பூசின மாதிரி. நான் திங்கட்கிழமைதோறும் அரைமணி நேரம் அவளோடு உட்காருவேன், நான்தான் அவளுக்குத் துணை, இங்கே டீச்சர் என்று சொல்வதில்லை, துணை. ஆறு திங்கட்கிழமை. ஆறு தடவையும் கடைசியில் கேட்டேன், வேற ஏதாவது பேசணுமா பிரகல்யா? இல்லக்கா. வேற ஏதாவது மனசுல இருக்கா? இல்லக்கா. நேற்று நாலு ஐம்பதுக்கு அவள் செயினை மாட்டிக்கொண்டிருந்தாள், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், சுவரில் கடிகாரம். வேற ஏதாவது இருக்கா? அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு கணம், இல்லை, இரண்டு கணம் பார்த்தாள். "இல்லக்கா, ஆயில் மட்டும் எடுங்க." ஆயில் எடுத்துக் கொடுத்தேன். ஐந்து மணி ஆயிற்று. ஆயில் எடுக்கச் சொன்னால் உடனே எடுக்கிறேன், அவள்தான் கேட்டாளே.

அகப்பை எனக்கு வலப்பக்கம் வந்துவிட்டது, மேகவர்ஷினி கையில். மாவு வழிந்ததில் தனக்கும் பங்கு இருக்கிறது என்றும், பாத்திரத்தைப் பார்த்தும் பார்க்காமல் போனதாகவும் ஒப்புக்கொள்கிறாள், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இவள்தான். போன வருஷம் இவளுடைய ஓவியப் போட்டிக்கு நாளைக்குக் கடைசி என்று நான் ஞாபகப்படுத்தினேன், ஞாபகம்தான் படுத்தினேன், குத்தினேனா வெட்டினேனா, அடுத்த வெள்ளிக்கிழமை என்னை இதே வட்டத்தில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார்கள். அக்கா என் முடிவை எடுத்துக்கிட்டாங்க என்றாள் இவள். அப்புறம் அகப்பை பிரகல்யாவிடம் போனது. பிரகல்யா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அக்கா ஞாபகப்படுத்தினா எனக்கு ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வருது." நான் அகப்பையைக் கையில் வாங்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். சிரித்த முகமாகக் கேட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. வார்டனாம். வெங்காயக் கத்திக்காக அழுதவள் வார்டனாம். இப்போது என் கை அகப்பைக்காக நீளுகிறபோது அது வருகிறது, நாற்பது நாளாக வராமல் நான் தள்ளித் தள்ளிவிட்ட நினைப்பு வந்து நெஞ்சில் முட்டுகிறது. கொள்கையாவது மண்ணாங்கட்டியாவது. சீலன் அண்ணாவுக்குக் கொள்கை. எனக்கு ரோஷம். சரிடியம்மா, நான் வார்டன்தானே, நீயே பாத்துக்கோ என்று உள்ளே ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நாற்பது நாளும். பதினாறு வயதுப் பிள்ளையிடம் நாற்பத்து மூன்று வயதுக்காரி கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள், அதற்கு விடுதலை என்று பெயர் வைத்து. பலகையில் எழுதியிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அகப்பை கைக்கு வந்தது. "பாஸ்" என்றேன். பிரகல்யாவிடம் கொடுத்தேன்.

அவள் அகப்பையின் காம்பைப் பெருவிரலால் தேய்த்தாள். "மாவு பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. வேற ஒண்ணு இருக்கு," என்றாள். இர்ஃபான் நோட்டில் புதுப்பக்கம் திருப்பினான். "காலைல கம்ப்யூட்டர்ல பாத்தேன். பத்தாவது எக்ஸாமுக்கு அப்ளை பண்றது நேத்தோட முடிஞ்சிருச்சு. ஆபீஸ் ரூம்ல பிரிண்ட் எடுக்கப் போனேன், காலண்டர்ல நேத்துத் தேதிய வட்டம் போட்டு வெச்சிருக்கு. பூங்கொடி அக்கா, அது நீங்க போட்டதா? உங்களுக்குத் தெரியுமா?" குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, கத்தி மொண்ணை என்று சொன்னாளே, அதே குரல். சொல்லிவிட்டு, விதிப்படி, அகப்பையை இடப்பக்கம் கொடுத்துவிட்டாள். இடப்பக்கம் சீலன் அண்ணா. அவரிலிருந்து தொடங்கி இன்னும் பதினோரு பேர் தாண்டி, வட்டம் முழுக்கச் சுற்றி, கடைசியாகத்தான் என்னிடம் வரும். பக்கத்தில் இருக்கிறாள், அவள் முழங்கால் என் முழங்காலில் இடிக்கிறது, பன்னிரண்டு பேர் பேசி முடிக்கும் வரை நான் பதில் சொல்லக் கூடாது. காலையிலேயே தெரிந்திருக்கிறது. காலையிலிருந்து என்னோடு சேர்ந்து அடுப்பைத் தேய்த்தாள், மதியம் எனக்கு ரசம் ஊற்றினாள், தெரிந்துகொண்டே ஊற்றினாள். சீலன் அண்ணா அகப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடினார். "பிரகல்யா, இது உனக்குக் கஷ்டமான நேரம். ஆனா இதுவும் ஒரு கற்றல். இத நீயே கண்டுபிடிச்சிருக்கே பாரு, அது ரொம்ப அழகான விஷயம்." அழகான விஷயம். ஜூலையில் துணைத்தேர்வு வரும்போது இவள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டல் வரிசையில் நின்றுகொண்டிருப்பாள், புருவத்தைப் பிடுங்கிக்கொண்டு, அழகாக. அடுத்தவன் "பாஸ்" என்றான். அடுத்தவள் நெஞ்சில் கை வைத்து, நாங்கள்லாம் உன்கூட இருக்கோம் என்றாள். அதற்கடுத்தவன் மாவுக்குத் திரும்பிப் போய்விட்டான், மூடி சரியில்லை, புது மூடி வாங்கலாம் என்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போதும். அவள் கேட்டுவிட்டாள், கேட்டால் சொல்வோம் என்றுதானே எழுதியிருக்கிறது, கேட்டே விட்டாள், இன்னும் ஒரு கொட்டாங்குச்சிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், என்ன ஜென்மம் நான்.

"தெரியும்," என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது, வலைக்கு வெளியே காக்காய் பறந்தது. இர்ஃபான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மரியாதையாக, கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லாமல் சொன்னான், "அக்கா, அகப்பை உங்ககிட்ட இல்ல." "எடுத்து அடுப்புல போடுடா அத," என்றேன். சீலன் அண்ணா கையைத் தூக்கினார், பூங்கொடி, நிதானம் என்கிற கை, நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிரகல்யா பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தேன். "தெரியும். நாப்பது நாளா தெரியும். வட்டம் போட்டது நான்தான். நேத்து செயினைப் பிடிச்சிட்டு நின்னப்பவும் தெரியும். நீ என்னை வார்டன்னு சொன்ன கோபத்துல சொல்லாம இருந்துட்டேன்." திட்டட்டும் என்று இருந்தேன். எழுந்து போகட்டும், அந்தக் கிரைண்டரைத் தூக்கி என் மேல் போடட்டும். அவளுக்கு நான் சொன்னது சட்டென்று விளங்கவில்லை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். வார்டன் என்று சொன்னதே அவளுக்கு நினைவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வருஷமாக நான் தூக்கிச் சுமந்ததை அவள் அன்றைக்கே இந்தப் பாயில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தேதி சரியாத் தெரியலக்கா. கேக்கலாம்னு நெனப்பேன். ஆனா திங்கக்கிழம திங்கக்கிழம உங்க மொகத்தப் பாப்பேன். நீங்க ஒண்ணும் சொல்லலியா, சரி, இன்னும் நாள் இருக்குன்னு நெனச்சுக்குவேன். அவசரம்னா அக்கா சொல்லிருப்பாங்கன்னு."

நான் எழுந்தேன். கூட்டத்தில் செல்போன்கள் எல்லாம் நடுவில் ஒரு மூங்கில் கூடையில் கிடக்கும், கூட்டம் முடியும்வரை யாரும் தொடக் கூடாது. குனிந்து என்னுடையதை எடுத்தேன். இந்த முறை இர்ஃபான் நோட்டை மூடிவிட்டான். நாச்சிமுத்து நம்பரைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு வட்டத்துக்கு நடுவிலேயே நின்றேன், வெளியே போய்ப் பேசத் தோன்றவில்லை, இவர்கள் எல்லோரும் கேட்கட்டும், சீலன் அண்ணாவும் கேட்கட்டும். நாச்சிமுத்து இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் இரும்பு கடையும் சத்தம், காதைக் கிழித்தது. "சொல்லுங் டீச்சர், நல்லாருக்கீங்களா? நானே கூப்புடோணும்னு இருந்தனுங்க. அம்முணிக்கு அப்ளிகேசன் போட்டாச்சுங்களா?"

"இல்லைங்க," என்றேன். "போடலைங்க. நேத்தோட தேதி முடிஞ்சிருச்சுங்க. தப்பு என்மேலதான்." சத்தத்தில் அவருக்கு ஒன்றும் விழவில்லை. ஒரு நிமிசமுங்க என்று என்னிடம் சொல்லிவிட்டு, யாரிடமோ லேத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். "இப்பச் சொல்லுங்க," என்றார்.

மறுபடியும் சொன்னேன்.